முடிக்கப்பட்டது

வின்னிபெக் மாநகராட்சி, நான்காம் மாடி.
வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
மேசையில் ஆறிப்போன காபி,
திரையில் பனி அகற்றும் பிரிவின் பதினெட்டு மாதம்.
துறைகளுக்கு மதிப்பெண் போடுவது என் வேலை.
பள்ளியில் கணக்கில் முப்பத்தெட்டு வாங்கியவள்
என்பதை இங்கே யாரிடமும் சொன்னதில்லை.

நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு புகார்கள்
ஐந்து நாளுக்குள் முடிக்கப்பட்டன
என்றது திரை.
கட்டம் பச்சை.
ஏட்டுச் சுரைக்காய்க்கு
இதைவிடப் பொருத்தமான நிறம் கிடையாது.

இது இப்போது தோன்றுவது.
அன்று எனக்குச் சந்தேகமே வரவில்லை.
பச்சையைக் கண்டால் அடுத்த கட்டத்துக்கு நகர்ந்துவிடுவேன்,
வெள்ளிக்கிழமை மூன்றரை மணி வேறு.
ஒரு முகவரிதான் உறுத்தியது.
அபர்டீன் அவென்யூவில் ஒரே வீடு,
ஒரே குளிர்காலத்தில் பதினோரு புகார்.
பதினொன்றும் முடிக்கப்பட்டவை.
பதினொன்றும் பச்சை.

திங்கள் காலை பஸ் பிடித்துப் போனேன்.
கதவைத் திறந்தவர் வெர்னா ஸ்பென்ஸ்.
சக்கர நாற்காலி, மடியில் ஒற்றைக்கண் பூனை.
"வண்டி வரும், வராமல் இல்லை.
சாலையைச் சுத்தமாக வழித்து
அத்தனையையும் என் சரிவுப்பாதை வாயில்
குவித்துவிட்டுப் போகும்.
வந்ததா என்று கேட்பார்கள்.
வந்தது என்பேன்.
அத்தோடு சரி."
பூனையைத் தடவியபடி,
கோபமே இல்லாமல் சொன்னார்:
"பன்னிரண்டாவது முறை நான் கூப்பிடவில்லை."

அந்தப் பன்னிரண்டாவதை எங்கே எழுதுவது?
கூப்பிடாமல் விட்டவர்களுக்கு
எங்கள் படிவத்தில் பத்தி இல்லை.
புகார் குறைந்தால் அம்புக்குறி மேலே நிமிரும்.
மூன்று வருடம் முன்பு
அந்த அம்பை வரைந்தவளே நான்தான்.

ஓட்டுநர்களுக்கு எத்தனை கிலோமீட்டர் என்பது கணக்கு.
நின்றால் நஷ்டம்.
தொலைபேசி எடுப்பவர்களுக்கு மூன்று நிமிடம்.
தாண்டினால் சிவப்பு விளக்கு.
"தெருப் பெயரைச் சொல்லவே
நாலு நிமிடம் எடுப்பவர்கள் இருக்கிறார்கள்"
என்றாள் ரொவேனா மக்சினோ.
அவள் விசைப்பலகைக்கு அடியில் ஒரு மஞ்சள் தாள்,
அதில் பென்சிலில் முகவரிகள்.
சாப்பாட்டு நேரத்தில்
தெரிந்த ஓட்டுநர்களை அழைத்து
ஒவ்வொன்றாகக் கெஞ்சுவாளாம்.
அவளுடைய கோப்பை எடுத்துப் பார்த்தேன்.
சராசரிக்குக் கீழ்.
கையெழுத்து என்னுடையது.

நாற்பது பக்க அறிக்கை எழுதினேன்.
பரிந்துரை ஒன்றுதான்:
'முடிந்தது' என்ற சொல்லை
இனிமேல் கூப்பிட்டவரே சொல்லட்டும்.

தொண்ணூற்று நான்கு
ஒரே மாதத்தில் ஐம்பத்தேழானது.
இயக்குநர் க்ளென் தோர்வால்ட்சன்
கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.
"உருப்படியாக இருந்த பிரிவைக் கவிழ்த்துவிட்டாய்.
மன்றத்தில் நான் என்ன சொல்ல?"
"போன வருடமும் ஐம்பத்தேழாகத்தான் இருந்திருக்கும்.
நாம் எண்ணவில்லை" என்றேன்.
வீட்டில் ஒத்திகை பார்த்தபோது
இந்த வாக்கியம் இன்னும் கம்பீரமாக இருந்தது.

பிப்ரவரியில் இரண்டே இரண்டு வண்டிகளுக்கு
பக்கவாட்டில் ஒரு சின்னத் தகடு பொருத்தினார்கள்.
வாசல் வந்தால் இறக்கலாம்,
பனி வாசலில் சரியாது.
ஐம்பத்தேழு, ஐம்பத்தொன்பதானது.
யாரும் கேக் வெட்டவில்லை.

போன வாரம் அபர்டீன் அவென்யூவிலிருந்து அழைப்பு.
வண்டி நின்றதாம்.
ஓட்டுநர் இறங்கி
ஓரத்தில் மிஞ்சியதைத் தானே வாரினாராம்.
நன்றிக்கு எங்களிடம் வகை இல்லை.
ரொவேனா 'மற்றவை'யில் பதிந்தாள்.

ஐந்து நாள் கடந்துவிட்டது.
விதிப்படி அந்தக் கட்டம் இப்போது சிவப்பு,
என் பக்கம் முழுவதற்கும் கண்ணேறு மாதிரி.
முடிந்ததாகப் போடலாமா என்று
ரொவேனா கேட்டாளாம்.
கூப்பிட்டவர்தானே சொல்லவேண்டும்?

"மார்ச் இன்னும் இருக்கிறதே"
என்றாராம் வெர்னா.